ஆர் பிணை?

எங்கள் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், ஓர் அக்கா இருந்தார்; யாராவது போய் "அக்கா, எனக்கொரு கணக்குத் திறந்து தாங்கோ" என்று கேட்டால், அவர் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். துடைப்பதற்கு அல்ல. கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கேட்டவரை வெறும் கண்ணால் ஒருதரம் பார்ப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"ஆர் பிணை?"

கணக்கு என்றால் வங்கிக் கணக்கு இல்லை. கொம்பியூட்டருக்குள் நுழைவதற்கான ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும், அவ்வளவுதான். உலகத்தின் மற்ற இடங்களில் இதை இரண்டு நிமிடத்தில் கொடுத்துவிடுகிறார்கள். கிளிநொச்சியில், ஏ-ஒன்பது வீதியிலிருந்து சற்றே உள்ளே இறங்கிய எங்கள் கூட்டுறவுத் தலைமைக் கந்தோரில், அதற்கு ஓர் ஆள் பிணை நிற்க வேண்டும்.

அமைப்பின் பெயர் இங்கே தேவையில்லை. நெல்லைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் மீன் வலையைப் பற்றியும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிற ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தர்மபுரத்திலும் முல்லைத்தீவிலும் ஓமந்தையிலும் கிளைகள் இருந்தன. அக்காவின் பெயரும் தேவையில்லை. முகத்துக்கு முன்னால் அவர் எல்லோருக்கும் அக்கா. முதுகுக்குப் பின்னால் பிணையக்கா. அது அவருக்குத் தெரியும். தெரியாதது மாதிரி இருப்பதற்கு அவர் யாருக்கும் அனுமதி கொடுத்திருக்கவில்லை, தனக்கும்கூட. "என்ன, பிணையக்கா எண்டு கதைக்கிறியளோ" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்.

அவர் கணினி படித்தவர் அல்ல. பதிவறைப் பொறுப்பாளர். முதல் சேர்வர் வந்து இறங்கியபோது, பூட்டுப் போடக்கூடிய ஒரே அறை பதிவறைதான் என்று அதை அங்கே வைத்தார்களாம். பதிவறையின் திறப்பு, அதாவது சாவி, அக்காவிடம் இருந்தது. ஆகவே சேர்வரும் அக்காவுடையதாயிற்று. அவரை அந்தப் பதவிக்குக் கொண்டுவந்தது ஒரு மாங்காய்ப் பூட்டு. ஆனால் அதன் பிறகு, அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து, கைந்நூல்கள் எல்லாவற்றையும் கடைசிப் பக்கம் வரை வாசித்தார். கைந்நூலைக் கடைசிப் பக்கம் வரை வாசித்த வேறொரு மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நான் பட்டம் பெற்றவன். நான் எல்லாவற்றிலும் முதல் நான்கு பக்கம் வாசித்திருக்கிறேன்.

அந்த சேர்வரை டிரக்டரி சேர்வர் என்பார்கள். கந்தோரில் யார் யார் வேலை செய்கிறார்கள், யாருடைய கடவுச்சொல் எது, யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது, எல்லாம் அதற்குள் இருக்கும். காலையில் யார் எந்தக் கொம்பியூட்டரில் உட்கார்ந்தாலும், அது முதலில் இதைத்தான் கேட்கும்: இந்த ஆளை விடலாமா? அது படுத்துவிட்டால் நான்கு கந்தோரும் படுத்துவிடும்.

கணக்கு வேண்டுகிறவர் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பாதித்தாளை நிரப்ப வேண்டும். ஆர், எதுக்கு, எப்ப வரைக்கும், ஆர் பிணை. நான்கே வரி. பிணை நிற்பவர் கையெழுத்து வைத்ததும், அக்கா அந்த நான்கு வரியையும் கணக்கின் குறிப்புப் பெட்டிக்குள் அப்படியே தட்டச்சு செய்வார். துண்டை அலுமாரியில் வைத்துப் பூட்டுவார்.

நான் தகவல் தொழில்நுட்ப அலுவலராக நியமனம் பெற்று வந்த முதல் நாள், அவருடைய மேலதிகாரி நான்தான் என்று நியமனக் கடிதம் சொல்லிற்று. கடிதத்தை நீட்டினேன். கண்ணாடி கழன்றது.

"இது நியமனம். பிணை ஆர்?"

"அக்கா, நான்தான் இனி இந்த சேர்வருக்குப் பொறுப்பு."

"ஓம். அதுக்குத்தான் கேக்கிறன். உம்மை இஞ்சை ஆருக்குத் தெரியும்?"

ஒருவருக்கும் தெரியாது. நான் வவுனியாப் பக்கம். மூன்று நாள் கணக்கில்லாமல் கதிரையில் உட்கார்ந்து, என் பொறுப்பில் இருக்கும் சேர்வரின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் போடுகிற அன்ரிக்குக்கூடக் கணக்கிருந்தது. காலைவரவு பதிகிறவர் அவர்தான். "தம்பி, உங்கடை வரவை நான் பதிஞ்சுபோட்டன், நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்று மூன்று நாளும் வந்து ஆறுதல் சொன்னார். நான்காம் நாள் காலையில் என் பெயர் திறந்தது. முகாமையாளர் கையெழுத்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். விசாரிக்கவில்லை. திறந்த கதவைப் பார்த்து யார் திறந்தார்கள் என்று கேட்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

அக்காவின் சைக்கிளை இரவல் கேட்டாலும் இதே கதைதான். எங்கே போகிறீர், எந்த வழியால், எத்தனை மணிக்கு வருவீர். கரடிப்போக்குச் சந்திக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டு பரந்தன் வரை போனவருக்கு ஆயுள் முழுவதும் சைக்கிள் இல்லை. மதியச் சாப்பாட்டில் அவருடைய மீன் பொரியலைக் கேட்டால் தருவார், ஆனால் ஒரு துண்டு. "ஒண்டு கேட்டனீர், ஒண்டு தந்தன். ரெண்டு வேணுமெண்டால் ரெண்டெண்டு கேட்டிருக்க வேணும்." கேட்டிருந்தால் தந்திருப்பார் என்பதுதான் எரிச்சல்.

பழைய முகாமையாளர் ஒருநாள் தானே பதிவறைக்கு வந்து, தனக்கு எல்லாக் கோப்பையும் திறக்கிற உரிமை வேண்டும் என்றார்.

"என்னத்துக்கு சேர்?"

"நான் முகாமையாளர், பிள்ளை."

"அது தெரியும் சேர். என்னத்துக்கு எண்டு கேட்டன்."

அவர் கொஞ்சம் யோசித்து, பார்ப்பதற்கு என்றார். பார்க்கிற உரிமை கிடைத்தது. ஒரு காற்புள்ளியை மாற்றக்கூட விடவில்லை. அதே மனிதருக்கு இடமாற்றம் வந்தபோது, பிரியாவிடை பிற்பகல் மூன்று மணிக்கு என்று ஏற்பாடு. துண்டில் அவருடைய சேவை முடிவு அன்று நண்பகல் பன்னிரண்டு. பன்னிரண்டு ஐந்துக்கு அவர் தன்னுடைய பிரியாவிடை உரையை அச்செடுக்கப் போனார். சேர்வர் அவரை யாரென்று கேட்டது. அந்த உரையை அவர் நினைவிலிருந்து பேசினார். அக்காவைப் பற்றி எழுதி வைத்திருந்த பந்தி மட்டும் நினைவுக்கு வரவில்லை போலும்.

இந்த அக்காவிடம்தான் நான் காப்புப் பிரதி மென்பொருளைக் கொண்டு போனேன்.

அது என்னுடைய கனவுத் திட்டம். வந்த வருடத்திலிருந்து, டிரக்டரிக்குக் காப்புப் பிரதி இல்லை, டிஸ்க் போனால் எல்லாம் போய்விடும் என்று எல்லோர் காதிலும் ஊதிக்கொண்டிருந்தேன். கடைசியில் கொழும்பில் ஒரு கம்பனியிடமிருந்து வாங்க அனுமதி கிடைத்தது. சேர்வருக்குள் ஏஜென்ட் என்று ஒரு சின்ன நிரலை இருத்த வேண்டும். அது ஒவ்வொரு நாளும் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு எழுந்து, டிரக்டரியை வாசித்து, பிரதியெடுத்து, வேறொரு பெட்டியில் கொண்டுபோய் வைக்கும்.

"ஏஜென்டோ?" என்றார் தேநீர் அன்ரி கோப்பையை வைத்தபடி. "ஆரை வெளிநாட்டுக்கு அனுப்பப் போறியள்?"

ஏஜென்ட் வேலை செய்வதற்கு அதற்கும் ஒரு கணக்கு வேண்டும். கைந்நூலின் மூன்றாம் பக்கம் தெளிவாகச் சொன்னது: இந்தக் கணக்கை ஆகப் பெரிய நிர்வாகிகள் குழுவில் சேர்த்துவிடுங்கள். எனக்கு அதற்கு மேல் வாசிக்கத் தேவைப்படவில்லை.

"உது என்ன வேலை செய்யும்?" என்று கேட்டார் அக்கா.

"வாசிச்சுப் பிரதி எடுக்கும், அக்கா."

"வாசிக்கிறதுக்கு மட்டும்தானே வருது. பிறகேன் ஆக்களைச் சேர்க்க, அழிக்க, பாஸ்வேர்ட் மாத்த எல்லாம் அதுக்கு உரிமை?"

நான் பொறுமையாக விளக்கினேன். மற்றக் கணினிகளில் அந்தக் கணினிக்கு மட்டும் ஒரு சின்ன நிர்வாகியை வைக்கலாம். டிரக்டரி சேர்வரில் சின்ன நிர்வாகி என்று ஒரு சாதி கிடையாது. அந்த ஒரு பெட்டிக்கு நிர்வாகி என்றால் நான்கு கந்தோருக்கும் நிர்வாகி. அமைப்பே அப்படித்தான்.

"அப்ப வீடு கூட்ட வாற ஆளுக்குக் காணி உறுதியை எழுதிக் குடுக்கச் சொல்லுறீர்."

"கைந்நூலிலை அப்பிடித்தான் போட்டிருக்கு அக்கா."

"எத்தினையாம் பக்கத்திலை?"

கொழும்புக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தோம். ஒலிபெருக்கியில் ஒரு பொடியன் உற்சாகமாகப் பேசினான். "பெரிய உரிமைய குடுங்க அக்கா, அஞ்சு நிமிஷத்தில வேல முடிஞ்சிரும். எங்க கஸ்டமர் எல்லாரும் அப்பிடித்தான் குடுக்கிறாங்க."

"அப்ப எல்லாற்றை வீட்டுத் திறப்பும் உங்களிட்டைத்தான் இருக்கோ, தம்பி?"



பிறகு இரண்டு கிழமை, முழுதாகப் பதினான்கு நாள். நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அவர் அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து வாசித்தார். அறுபத்தெட்டாம் பக்கத்தில், சின்ன எழுத்தில், பெரிய உரிமை கொடுக்க விரும்பாதவர்களுக்கு என்று ஒரு வழி இருந்தது. ஏஜென்டை ஒருதரம் நாங்கள் இருத்திவிட வேண்டும். அதன் கணக்குக்குப் பிரதி எடுக்கும் உரிமை ஒன்று. திரைக்கு வராமல் பின்னால் நின்று ஓடுகிற உரிமை இன்னொன்று. மனிதர் போல் விசைப்பலகையில் வந்து நுழைவதற்குத் தடை. வேறு கணினிக்குப் போகத் தடை. வழக்கமாகப் பிரதி எடுக்கும் உரிமையோடு திருப்பி வைக்கும் உரிமையும் சேர்ந்து வரும். அக்கா அதையும் பிரித்து வெளியே எடுத்தார்.

"எடுக்கட்டும். திருப்பி வைக்கிறது மனிசர் பாக்கிற வேலை."

முதல் நாள் பிரதி பிசகில்லாமல் வந்தது. நான் துள்ளினேன். அக்கா இளஞ்சிவப்புத் துண்டை எடுத்தார். ஆர்: ஏஜென்ட். எதுக்கு: பிரதி எடுக்க. எப்ப வரைக்கும்: மென்பொருள் ஒப்பந்தம் முடியும் வரைக்கும். நான்காவது வரியில் பேனை நின்றது.

"அக்கா, அது ஒரு புரோகிராம். அதுக்கு ஆர் பிணை நிக்கிறது?"

"அதுக்கு வாய் இல்லை. கூப்பிட்டுக் கேக்கேலாது. அதுக்குத்தான் வடிவாப் பிணை வேணும்."

நான் கையெழுத்து வைத்தேன். சிரித்துக்கொண்டே வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதே சூட்டில் அவர் இன்னொரு வேலை சொன்னார். பிணை நிற்பவர் கந்தோரை விட்டுப் போய்விட்டால், அவர் பிணை நின்ற கணக்குகளை அக்கா தன் கையால் தேடித் தேடி மூடிக்கொண்டிருந்தார். அதை சேர்வரே செய்ய ஒரு நிரல் எழுத முடியுமா? முடியுமா என்று என்னிடம் கேட்பதே பிழை. ஒரே மாலையில் எழுதினேன். ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு ஓடும். பிணையாளியின் கணக்கு மூடியிருந்தால் பிணை பெற்றவரின் கணக்கையும் மூடும். அவர் வேறு யாருக்காவது பிணை நின்றிருந்தால் அதையும். இனி மூட ஒன்றுமில்லை என்கிற வரை விடாமல் சுற்றிச் சுற்றிப் போகும். என்னுடைய சொந்தச் சேர்க்கை அது. மிக அழகாக வேலை செய்தது.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. "ஒரு கணக்கிலை பிணை எண்டு போட்டிருக்கிற பேர் டிரக்டரியிலையே இல்லை அக்கா. அதையும் மூடப் பாக்குது."

"அது என்ரை. அதை விடச் சொல்லும்."

விடச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். யாருடைய பெயர் என்று பார்க்கவில்லை. சொன்னேனே, எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எனக்கு ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. கொழும்புக்கு விண்ணப்பம், வெளிநாட்டுக்கு விண்ணப்பம் என்று எப்போதும் ஏதாவது ஒன்று அனுப்பிக்கொண்டிருப்பேன். அக்காவின் தம்பி கனடாவில் இருக்கிறார் என்று அன்ரி சொல்லக் கேட்டு, ஒருநாள் மதியம் அவரிடமே கேட்டேன். "நீங்களேன் அக்கா போகேல்லை?"

அவர் பொரித்த மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார். அது சண்டைக் காலம்; பாஸ் என்கிற அனுமதித் துண்டு இல்லாமல் எங்கும் போக முடியாது. வவுனியாவுக்குப் போவதென்றால் இந்தப் பக்கம் ஒரு பாஸ், ஓமந்தை தாண்டினால் அந்தப் பக்கம் இன்னொரு பாஸ். இந்தப் பக்கத்துப் பாஸுக்கு ஓர் ஆள் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். தம்பி கனடாவிலிருந்து எல்லாம் ஒழுங்கு பண்ணிவிட்டான். அக்கா கொழும்பு போய்ச் சேர்ந்தால் போதும்.

"சொந்தக்காரர் ஒருத்தரும் நிக்கேல்லை. நான் திரும்பி வரமாட்டன் எண்டு அவைக்குத் தெரியும். புத்திசாலியள். கருவாடு கொண்டு வாற மனிசி ஒராள், முல்லைத்தீவு, அவாதான் நிண்டவா."

"ஏனெண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டவா. கண் காட்டப் போறன் எண்டு சொன்னனான். சரி பிள்ளை எண்டு வைச்சா."

பத்து நாள் பாஸ். வவுனியாவில் ஆறு நாள் அறையில் இருந்தாராம். கொழும்புக்குப் போகிற பஸ்ஸை ஒவ்வொரு நாளும் பார்த்தாராம். ஏழாம் நாள் போய்க் கண்ணைக் காட்டினார்.

"உண்மையாவோ?"

"காட்டப் போறன் எண்டெல்லோ பிணை வைச்சவா. கண்ணிலை ஒரு பிழையும் இல்லை எண்டு டொக்டர் துண்டு தந்தவர். துண்டை மட்டும் கொண்டு போனால் நம்பமாட்டினம் எண்டு கண்ணாடியும் ஒண்டு வாங்கினன். பத்தாம் நாள் பின்னேரம் வந்திட்டன்." மேசையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார். "அதாலைதான் தம்பி, கனடாவிலை இல்லாமல் இஞ்சை இருந்து உம்மோடை மாரடிக்கிறன்."

"அந்த மனிசி இப்ப எங்கை?"

"பிறகு அவா இல்லை" என்றார். சோற்றுப் பெட்டியை மூடினார்.

அக்கா ஓய்வு பெறுகிற கிழமையில், வியாழனன்று, இரண்டு விஷயம் நடந்தது. சேர்வரின் டிஸ்க் பிழை காட்டத் தொடங்கியது. புதியது திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். அதுவரை நாள்தோறும் எடுக்கிற பிரதிதான் எங்கள் உயிர். இரண்டாவது, கொழும்பில் ஒரு கம்பனி எனக்கு வேலை தருவதாக மின்னஞ்சல் அனுப்பியது. நான் டிஸ்க்கைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே மின்னஞ்சலை வாசித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கேக் வெட்டினோம். நான்கரை மணிக்கு அக்கா என் மேசைக்கு வந்து நின்றார்.

"என்ரை திகதி இண்டைக்கு முடியுது. மூடும்."

"திங்கட்கிழமை மூடலாம் அக்கா, என்ன அவசரம்."

"நான்கரை எண்டு போட்டிருக்கு."

மூடினேன். அவர் மண்ணிறக் கோப்பு ஒன்றை என் மேசையில் வைத்தார். மேலே "ஆறு மணிக்கு முன்" என்று எழுதியிருந்தது. "கட்டாயம் பாரும், தம்பி." நான் ஓமென்று சொல்லி மேசை லாச்சிக்குள் வைத்தேன். கதிரை எத்தனை, அலுமாரி எத்தனை என்கிற கையளிப்புப் பட்டியலாக இருக்கும். எனக்கு அன்று கொழும்புக்கு என்ன பதில் எழுதுவது என்பதுதான் பெரிய விஷயம். வருகிறேன் என்று எழுதினேன்.

திங்கட்கிழமை காலை அன்ரி வாசலிலேயே மறித்தார். "தம்பி, என்னை விடுகுதில்லை. வரவு பதியேலாமல் கிடக்கு." நான் சிரித்துக்கொண்டே போய் என் கதிரையில் உட்கார்ந்து என் பெயரைப் போட்டேன். என்னையும் விடவில்லை. தர்மபுரத்திலிருந்து அழைப்பு. முல்லைத்தீவிலிருந்து அழைப்பு. ஓமந்தையிலிருந்து அழைப்பு. ஒன்பது மணிக்கு, எல்லோரும் கதவைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், டிஸ்க் ஒருதரம் கிறீச்சிட்டு நின்றது.

அப்படி இறந்த டிரக்டரியை எழுப்ப வழக்கமான கடவுச்சொல் ஒன்றும் உதவாது. அவையெல்லாம் அதற்குள்ளேதான் இருக்கின்றன. மீட்பதற்கென்றே வெளியே ஒரு தனிக் கடவுச்சொல் உண்டு. அது அக்கா ஒட்டி வைத்த ஒரு கடித உறையில் இருந்தது. கடித உறை மண்ணிறக் கோப்பில் இருந்தது. அப்போதுதான் கோப்பைத் திறந்தேன்.

உறைக்குக் கீழே இருபத்தேழு இளஞ்சிவப்புத் துண்டுகள். எல்லாம் அக்காவின் கையெழுத்தில் புதிதாக நிரப்பப்பட்டவை. மூன்று வரி நிரம்பியிருந்தது. நான்காவது வரி வெறுமை. மேலே ஒரு தாள்: "தம்பி, என்ரை திகதி முடிய இவையளின்ரை பிணையும் முடியுது. ஆறு மணிக்கு முன் ஆக்களைப் பிடிக்கவும்."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு என் அழகான நிரல் ஓடியிருக்கிறது. அக்காவின் கணக்கு மூடியிருப்பதைப் பார்த்திருக்கிறது. அவர் பிணை நின்ற இருபத்தேழு பேரையும் மூடியிருக்கிறது. ஒரு கணக்கைக்கூட வெளியே விடாத மனிதர் என்று நாங்கள் பகிடி பண்ணிச் சிரித்த அக்கா இருபத்தேழு பேருக்குப் பிணை நின்றிருந்தார். முதலாவது துண்டு என்னுடையது. நான் வந்த நான்காம் நாளின் திகதியோடு பழைய துண்டு பின்னால் குத்தப்பட்டிருந்தது. முகாமையாளரின் கையெழுத்து அல்ல அது. என்னை மூடிய பிறகு நிரல் இன்னும் ஒரு படி போயிருக்கிறது. நான் பிணை நின்ற ஏஜென்டையும் மூடியிருக்கிறது. ஆகவே சனியும் ஞாயிறும் பிரதி இல்லை. கடைசிப் பிரதி வெள்ளிக்கிழமை மாலையினுடையது.

புதிய டிஸ்க் பதினொரு மணிக்கு வந்தது. கொழும்புக் கம்பனியின் பொடியன் ஒலிபெருக்கியில் இருக்க, இரண்டு மணிக்குள் வெள்ளிக்கிழமையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். வெள்ளிக்கிழமைப் பிரதியில் எல்லோரும் திறந்திருந்தார்கள், அக்கா ஒருவரைத் தவிர. சரியாக வந்ததா என்று பார்க்க ஒவ்வொரு கணக்கின் குறிப்புப் பெட்டியாகத் திறந்துபோனபோது அவருடைய குறிப்பையும் பார்த்தேன். ஆர் பிணை: ஒரு பெண்ணின் பெயர். முல்லைத்தீவு. எப்ப வரைக்கும் என்ற இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அக்கா வெறுமையாக விட்டிருந்த ஒரே திகதி அது.

நாளை காலை ஆறு மணிக்கு நிரல் மறுபடி ஓடும். துண்டுகளை எடுத்துக்கொண்டு புதிய முகாமையாளரிடம் போனேன். அவர் வந்து இரண்டு மாதம். ஒவ்வொன்றாகப் பார்த்தார். முல்லைத்தீவுக் கிளைக் காவலாளி: சண்டை முடிந்து புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்தவர். ஓமந்தைக் கிளையில் ஒரு பெண்: மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம், இங்கே சொந்தக்காரர் இல்லை. தர்மபுரத்தில் ஒருவர்: காணாமல் போன கணவரைத் தேடிக்கொண்டிருப்பவர், திருமணமானவர் என்று போடுவதா விதவை என்று போடுவதா என்று தெரியாமல் படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டவர்.

"இவைக்கு வேறை ஒருத்தரும் பிணை நிக்கமாட்டினமோ?"

"இல்லைப் போலை சேர்."

"அப்ப இருக்கட்டும், தம்பி. கணக்கில்லாட்டி வேலையும் இல்லை. ஆக்கள் தானாக் குறையும். அந்த நிரல் நல்ல சாமான், நிப்பாட்டிப்போடாதேங்கோ."

நிரலைப் பாராட்டிய முதல் மேலதிகாரி அவர்தான். நான் பதிவறைக்குத் திரும்பி வந்து, அக்காவின் கதிரையில் உட்கார்ந்து, பேனையை எடுத்தேன். என் பையில் அச்செடுத்த கொழும்பு மின்னஞ்சல் இருந்தது. எழுத எழுத எனக்குக் கணக்கு விளங்கிக்கொண்டே வந்தது: நான் போகிற நாளுக்கு அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு இத்தனை பேரும் வெளியே நிற்பார்கள். சிரித்துக்கொண்டு வைக்க முடியவில்லை. இருபத்தாறு துண்டுக்கும் வைத்தேன்.

மிச்சம் என்னுடையது. எனக்கு ஆர் பிணை? முகாமையாளர், உம்மை எனக்கு வடிவாத் தெரியாதே என்று சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு அன்று திடீரென்று வேலை கூடிவிட்டது. மூன்றரைக்குத் தேநீர் கொண்டுவந்த அன்ரி துண்டைப் பார்த்தார். "நான் வைச்சால் செல்லுமோ?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் வைத்தார்.

அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பைப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன்.  

"உமக்கு ஆர் வைச்சது?"

"அன்ரி."

"அன்ரிக்கு?"

"நான்தான் அக்கா."

"அது வட்டமெல்லோ, தம்பி. நீர் அவாவைப் பிடிக்க, அவா உம்மைப் பிடிக்க. ரெண்டு பேரும் விழமாட்டியள். உம்மடை நிரல் அதைக் கண்டுபிடிக்காது."

"ஓம் அக்கா. அது நிரலிலை இருக்கிற பிழை."

மறுமுனையில் எதையோ மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடியைக் கழற்றுகிறார் என்று நினைத்தேன்.

"பிழைதான்" என்றார். "இருக்கட்டும்."

அவருடைய முப்பது வருட சேவையில் அவர் கொடுத்த ஒரே விதிவிலக்கு அதுதான். அதுவும் ஓய்வு பெற்ற பிறகு. நான் துணிந்து, "அக்கா, நீங்களே திரும்பி வந்து இவைக்குப் பிணை நிக்கலாம்தானே" என்று கேட்டேன்.

"நான் இப்ப வெளியாள். உள்ளுக்கு இருக்கிற ஆள்தான் நிக்கலாம்." பிறகு, தொலைபேசியை வைப்பதற்கு முன்னால் கேட்டார்: "நீர் எப்ப போறீர்?"

கொழும்பைப் பற்றி நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

கம்பனிக்கு இரண்டு மாத அவகாசம் கேட்டு எழுதினேன். பிறகு இன்னும் இரண்டு. பிறகு அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். மதிய வேளைகளில் துண்டுகளை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போகிறேன். இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா, நல்ல ஆள், ஒரு கையெழுத்துத்தான். சிலர் வைக்கிறார்கள். ஓமந்தைப் பெண்ணுக்கு அவருடைய கிளை எழுதுவினைஞர் வைத்தார். காவலாளிக்கு இன்னும் யாரும் வைக்கவில்லை. இன்றைய நிலவரப்படி என்னிடம் பத்தொன்பது பேர். போன கிழமை ஒரு புதுப் பிள்ளை வந்து கணக்குக் கேட்டாள். இங்கே ஒருவரையும் தெரியாதாம். நான் கண்ணாடி போடுவதில்லை. அதனால் கழற்ற ஒன்றும் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது.